சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம்

கெய்ரோவிலிருந்து கராச்சிக்கு விமானத்தில் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் ஐம்பதுகளில் இந்த நாட்டில் இரண்டே பேர்தான் இருந்திருப்பார்கள். ஒருவர் பம்பாயில் ஏதோ ஒரு விமானக் கம்பெனியின் கவுண்டரில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியிருப்பார். இன்னொருவர் சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் நின்றுகொண்டு, கேட்காதவர்களுக்கும் சொன்னார். சொன்னது சரியா என்று சோதித்துப் பார்க்க ஊரில் ஆள் கிடையாது. அதனால் எல்லாம் சரியாகவே இருந்தது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. ஊருக்கு அவர் ஏரோப்ளேன் அண்ணாச்சி. எங்கள் ஆபீசின் ஹெட் கிளார்க். நெட்டை உடம்பு. முழங்காலைத் தாண்டிவிட்டுக் கணுக்காலுக்கு வந்து சேராமல் நின்றுவிட்ட வேட்டி. அதற்கு மேல் ஒரு கறுப்புக் கோட்டு. அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் ஃபைல்கள் உட்கார்ந்திருக்கும். அவர் நிற்பார், நடப்பார், ஜன்னல்வரை போய்த் திரும்புவார், நடந்தபடியே கையெழுத்துப் போடுவார். ஒரு கிராமத்துக்குப் போன கையெழுத்து இன்னொரு கிராமத்துக்குப் போனது போல இருந்ததில்லை.

நான் ஜூனியர் கிளார்க்காக வேலையில் சேர்ந்த அன்று, பெட்டியும் கையுமாக அவர் முன்னால் போய் நின்றேன்.

"எந்த ஊரு வே?"

"கோவில்பட்டி, சார்."

"பஸ்ஸா?"

"ஆமா சார். நடுவுல பஞ்சர். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிட்டு."

அவர் முகம் சுருங்கியது. "அந்த நேரத்துக்கு மெட்ராஸ்லேருந்து பெங்களூருக்குப் பறந்து போயி, ஒரு காப்பியும் குடிச்சிட்டு நிக்கலாம் வே."

நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டவன் போல விழித்தேன்.

"பரவால்ல. அடுத்தவாட்டி பாத்துக்கிடலாம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மனுக் கொடுக்க வருகிறவர்களுக்கும் இதே கதிதான். ஒருநாள் இளையரசனேந்தல் பக்கமிருந்து உழவு பார்க்கிற ஒரு சம்சாரி பட்டா மாற்றத்துக்காக வந்தார். தலைப்பாகையெல்லாம் புழுதி.

"எப்பம் கெளம்புனீரு?" என்றார் அண்ணாச்சி.

"கோழி கூப்பிடயிலயே கெளம்புனேன் சாமி. வண்டி மாடு ஒண்ணுக்குக் காலு நொண்டுது."

"அடப்பாவமே! அந்த நேரத்துக்கு மெட்ராஸ்ல ஏறி ஒக்காந்தா கல்கத்தா போயிரலாம் வே!"

சம்சாரி கொஞ்சம் யோசித்தார். "கல்கத்தாவுல பட்டா சீக்கிரம் குடுத்துருவாவளா சாமி?"

ஆபீஸ் முழுவதும் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஆளுக்குப் பட்டா கிடைத்தது. எங்கள் ஆபீசின் சரித்திரத்தில் அது ஒரு சாதனை.

இத்தனைக்கும் அண்ணாச்சி விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. எப்போதாவது ஊருக்கு மேலே ஒன்று பறக்கும். சத்தம் எங்கள் காதுக்கு எட்டுவதற்கு முன்பே அவர் முற்றத்தில் நிற்பார். ஒருமுறை தாசில்தார் கலெக்டருக்கு ஒரு முக்கியமான பதிலைச் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் பேனாவோடு வெளியே ஓடிவிட்டார். திரும்பி வந்தவரைத் தாசில்தார் முறைத்தார்.

"கொழும்புக்குப் போறான் சார். இன்னைக்கு லேட்டு."

"யாருய்யா?"

"பிளேன் சார்."

"அவன் லேட்டாப் போனா உமக்கு என்னய்யா?"

"அங்கன ஒருத்தி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாளே சார்" என்றார் அண்ணாச்சி. தாசில்தார் விட்ட இடத்திலிருந்து பதிலைச் சொல்ல ஆரம்பித்தார்.

தூரம் அளக்க அண்ணாச்சி வைத்திருந்த கருவி ஒரு துண்டு நூல். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் தறியின்மேல்தான் விழவேண்டும்; நூலுக்குப் பஞ்சமில்லை. சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஒரு ஊரில் நூலின் ஒரு நுனியை வைத்து அழுத்தி, மறு நுனியை இன்னொரு ஊருக்கு இழுப்பார். பிறகு அதை எடுத்து ஸ்கேலில் வைத்து மைலாக்குவார். மைலை விமானத்தின் வேகத்தால் வகுத்து மணியாக்குவார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. தறி நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தாசில்தாரோடு மனஸ்தாபம் வந்து, அவர் நூலைக் கோபமாக இழுக்கும் நாளில் சிட்னி நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடும்.

அந்தப் படத்தையும் ஒருவர் கெடுத்தார். ஹைஸ்கூல் பூகோள வாத்தியார். இருவரும் சாயங்காலம் காப்பி கிளப்பில் சந்திப்பார்கள். வாத்தியார் உட்கார்ந்து குடிப்பார். அண்ணாச்சி நின்று குடிப்பார்.

"தட்டைப் படத்துல அளந்தா தப்பா வரும் வே. பூமி உருண்டை" என்றார் வாத்தியார்.

"எங்கன பாத்தாலும் தட்டையாத்தான கெடக்கு?"

"இங்கேருந்து பாத்தா அப்படித்தான் கெடக்கும். உருண்டையில அளந்து பாரும், தெரியும்."

மறுநாளே அண்ணாச்சி பள்ளிக்கூடத்திலிருந்து பூமி உருண்டையை இரவல் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ரத வீதி வழியாக நடந்து வந்தார். காய்கறி விற்கிறவள் ஒருத்தி கூப்பிட்டு, "அண்ணாச்சி, பூசணிக்காய்க்குப் பெயிண்டு அடிச்சு விக்காவளா இப்பம்?" என்று கேட்டாள். அவர் நின்று, அவளுக்கு ஆப்பிரிக்காவைக் காட்டிவிட்டுத்தான் வந்தார். அந்த உருண்டை இரண்டு வருஷம் எங்கள் ஆபீசில் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் ஹைஸ்கூலில் பூமி இல்லாமலே பூகோளம் நடந்தது.

வாத்தியார் அதோடு விடவில்லை. "அண்ணாச்சி, கிழக்கே போகப் போகக் கடியாரம் முந்தும். நமக்கு இங்க மணி பத்துன்னா, சிங்கப்பூர்ல பன்னெண்டு. அதையும் கணக்குல சேக்கணும்" என்றார் ஒருநாள்.

"அது அவன் கடியாரத்துல உள்ள கோளாறு. எட்டு மணி நேரம் பறந்தா எட்டு மணி நேரம்தான் வே. கடியாரத்த எவன் கேட்டான்?"

"இறங்கும்போது கேப்பீரு" என்றார் வாத்தியார்.

உலகத்தில் எத்தனையோ ஊர்கள் இருந்தாலும், நூல் கடைசியில் மெட்ராஸிலிருந்து சிங்கப்பூருக்குத்தான் போய் நிற்கும். உருண்டையில் அந்த இடத்தில் கடல் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. சுமார் ஆயிரத்தெண்ணூறு மைல், எட்டு மணி நேரம். இதை அவர் தினமும் ஒரு தடவை அளந்தார். ஏன் என்று நான் வெகுநாள் யோசிக்கவில்லை. கிறுக்குக்குக் காரணம் தேடுகிற வயசு அல்ல அது.

ஒரு சாயங்காலம் அலமாரிச் சாவியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, அரிசி களைந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சி அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"வானத்துல என்ன, மைல்கல்லா நட்டு வச்சிருக்காவ? சும்மா கெடங்க" என்றாள் மதினி.

"நீ இட்டிலிக்கு ஊறப்போடுத பாரு, கோமதி. அதை அரைச்சு, புளிச்சு, ஊத்தி எடுக்கதுக்குள்ள அவ வந்து எறங்கிருவா. அம்புட்டுதான் தூரம்."

"கப்பல்ல போனப்பம் ஒரு வாரத்துக்கு மேல ஆச்சே?"

"கப்பல் தண்ணியத் தள்ளிக்கிட்டுல்லா போவணும். இது காத்து. எட்டே மணி நேரம்."

மதினி அரிசியைக் களைந்து தண்ணீரை ஊற்றினாள். பிறகு, "இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள்.

"எட்டே மணி நேரம்."

அவர்களுக்கு ஒரே மகள், செண்பகம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் உத்தியோகம். கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவள், மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. அங்கே ஒரு பையன் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கிவிட்டான் என்று கேள்வி. கப்பல் கரையை விட்டு நகர்ந்த அன்றைக்கு எழுந்து நின்ற அண்ணாச்சி, அதன்பிறகு உட்காரவில்லை என்று மதினி என்னிடம் ஒருநாள் சொன்னாள். "ராத்திரிகூட படுக்கைக்குள்ள நடக்காவ தம்பி" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு நான் அவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நிறுத்தவில்லை. வேறு மாதிரி சிரித்தேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் வெயில் முடிகிற சமயத்தில் மதினிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு டாக்டர் வீட்டுக்கே வந்து, வாசலில் அண்ணாச்சியைத் தனியாக அழைத்துப் பேசினார். அவர் போன பிறகு அண்ணாச்சி முற்றத்தில் நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். உள்ளே மதினி பிதற்றினாள்: "செண்பகம் வந்துட்டாளா? வாசல்ல யாரு? செண்பகமா?"

புளியங்குடியிலிருந்து மதினியின் தங்கச்சி ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கி, பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். வந்ததும் முதல் காரியமாக அண்ணாச்சியை வீட்டைவிட்டு விரட்டினாள். "அத்தான், இங்கன கெடந்து நடக்காதிய. கொஞ்சம் தூங்கினாலும் உங்க காலடிச் சத்தத்துல முழிச்சிருதா. போயி அந்தப் பிள்ளைக்கு ஒரு தந்தி குடுங்க."

தந்தி போனது. ஒருநாள் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. ஆபீசில் அண்ணாச்சி உருண்டையின் பக்கம் போகவே இல்லை. வெளியே தந்திச் சேவகனின் சைக்கிள் மணி அடித்தபோது ஆபீசே எழுந்து ஓடியது. தாசில்தார்கூட அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். செண்பகம் குழந்தையோடு வியாழக்கிழமை விமானத்தில் புறப்படுகிறாள். சிங்கப்பூரில் காலை ஒன்பது மணிக்கு ஏறுகிறாள். மீனம்பாக்கத்துக்கு ஆள் வரவேண்டும்.

"ஒம்பதும் எட்டும்?" என்றார் அண்ணாச்சி. அவருக்குக் கூட்டல் மறந்துவிட்டது.

"பதினேழு" என்றோம் எல்லோரும்.

"சாயங்காலம் அஞ்சு மணி!" என்று அவர் கத்தினார். சர்வேயர், டபேதார், தாசில்தார், எல்லோரும் சரிபார்த்தோம். ஐந்து மணிதான். பூகோள வாத்தியார் அன்று விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்தார்.

"நீர் போமய்யா" என்றார் தாசில்தார். "நீர் இங்கே நின்னா யாருக்கும் வேலை ஓடாது."

துணைக்கு நான் போகவேண்டும் என்பது மதினியின் ஏற்பாடு. காய்ச்சல் சற்றுத் தணிந்த ஒரு வேளையில் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். உடம்பு துணி போலக் கிடந்தது. குரல் மட்டும் பழையது.

"தம்பி, நீங்க கூடப் போங்க. தனியா விட்டா இந்த மனுசன் ரயில விட்டு எறங்கி முன்னால ஓடிருவாவ."

கொல்லத்திலிருந்து மெட்ராஸ் போகிற வண்டியில் புதன்கிழமை ஏறினோம். வண்டி கிளம்பியதும் அண்ணாச்சிக்கு ஒரு நியாயம் உதித்தது.

"வே, கடலத் தாண்டி வாரவ நாளைக்குக் கெளம்புதா. தரையில போற நாம இன்னைக்கே கெளம்புதோம். அவ வாரதுக்கும் நாம போறதுக்கும் சரியா இருக்குமாம். இது என்ன வே கணக்கு?"

அவர் பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க ஆரம்பித்தார். ராஜபாளையத்தில் ஏறின ஒரு வியாபாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டு நடந்தேவா மெட்ராஸ் போறிய?" என்று கேட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இவர் இறங்கி, இன்ஜின்வரை போய், டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். மதுரையில், "கரிய அள்ளிப் போடுங்கப்பா, என்னத்துக்குச் சேத்து வைக்கிய?" என்று சொல்லியும் பார்த்துவிட்டார். டிரைவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கட்டினார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. வண்டி ஏதோ ஒரு சிறிய ஸ்டேஷனில் நின்றிருந்தது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார்.

"கெளம்பிட்டா வே" என்றார் மெதுவாக.

அதற்குள் பெட்டி முழுவதற்கும் கதை தெரிந்துவிட்டிருந்தது. எதிர்ப் பலகையில் ஒரு அம்மாள், மகள் பிரசவத்துக்குப் போகிறவள், கும்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் யாருக்கும் வேறு பேச்சு இல்லை.

"இப்ப எங்க வருதாங்க உங்க பொண்ணு?" என்று அந்த அம்மாள் கேட்பாள்.

"கடலுக்கு மேல."

அரை மணி கழித்து வியாபாரி கேட்பார். "இப்பம்?"

"இன்னும் கடல்தான்."

"பெரிய கடலா இருக்கே!" என்று வியாபாரி வருத்தப்பட்டார்.

விழுப்புரம் தாண்டி வண்டி ஒரேயடியாக நின்றது. இன்ஜினில் ஏதோ கோளாறு. வெயில் கொளுத்தியது. அண்ணாச்சி தண்டவாளத்தில் இறங்கி நின்று, வடக்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். இங்கே நாங்கள் அசையாமல் நிற்க, எங்கேயோ ஒரு விமானம் நிமிஷத்துக்கு நாலு மைல் வீதம் பறந்து வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு பயம் இருந்தது. "ஏட்டி, மெள்ள வாட்டி" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். வாழ்நாளில் அவர் ஒரு விமானத்தை மெதுவாக வரச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஒருவழியாக எழும்பூர் வந்து, மின்சார ரயில் பிடித்து, மீனம்பாக்கத்தில் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

அண்ணாச்சி அதை அண்ணாந்து பார்த்தார். மூச்சு வாங்கியது. பிறகு முகம் முழுக்கச் சிரித்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு வே!"

அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். காலை நீட்டினார். "ஒரு காப்பி சொல்லும்" என்றார். சிம்மாசனத்தில் இருக்கிறவர் போல இருந்தது. கணக்கு அவரைக் கைவிடவில்லை. ரயில் கைவிட்டும் கணக்கு காப்பாற்றிவிட்டது.

காப்பி வருவதற்குள் எங்கிருந்தோ ஒரு சின்னப் பையன் தத்தித் தத்தி வந்து, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலையில் கம்பளித் தொப்பி. ஒரு காலில்தான் பூட்சு இருந்தது.

"யாரு வீட்டுப் பிள்ள வே இது?" என்று என்னைக் கேட்டார். நான் கையை விரித்தேன். அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஏலே, எந்த ஊரு ஒனக்கு? பிளேன் பாக்க வந்தியா? இரு இரு. இப்பம் சிங்கப்பூர்லேருந்து ஒண்ணு வரும். எட்டு மணி நேரம். அதுல இந்தத் தாத்தாவோட மக வாரா. ஒன்ன மாதிரி ஒரு பொடிப்பயலும் வாரான்."

பையன் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

கவுண்டர் பக்கம் திரும்பி நின்று, பெட்டியைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த ஒரு பெண், குழந்தையைக் காணாமல் பதறித் திரும்பினாள். மூக்குக் கண்ணாடி. கொஞ்சம் பூசின உடம்பு. எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பா!"

அண்ணாச்சி நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"நீ எப்படிட்டி இங்கன நிக்க? பிளேன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே!"

"நான் வந்து ஒரு மணி நேரம் ஆச்சுப்பா. உங்களைக் காணாம எனக்கு அழுகையே வந்துட்டு."

"அதெப்படி வர முடியும்? ஒம்பது மணிக்குல்லா ஏறுன? கணக்குப்படி நீ இப்பம் கடலுக்கு மேல இருக்கணும்!"

"அப்பா, நான் வந்துட்டேம்பா."

"இல்லட்டி, கணக்குப்படி..."

கவுண்டரில் இருந்த இளைஞர் தலையிட்டார். "சார், சிங்கப்பூர்ல ஒன்பதுன்னா நமக்கு ஏழு மணி. அங்கே கடிகாரம் ரெண்டு மணி நேரம் முன்னால. ஏழும் எட்டும் பதினைஞ்சு. மூணு மணிக்கு லேண்ட் ஆயிடுச்சு."

அண்ணாச்சி மடியில் குழந்தையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். வாத்தியார் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மிகவும் பணிவான குரலில் அந்த இளைஞரைக் கேட்டார்:

"அப்பம்... பறந்தது எட்டு மணி நேரம்தான சார்?"

"எட்டு மணி நேரம்தான் சார்."

"நாந்தான் சொன்னேனே" என்றார். சொல்லும்போதே உதடு கோணியது. கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தாள். மடியில் இருந்தவன் தன் பேரன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். அவனை ஒரு தடவை தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப இறுக்கிக்கொண்டார்.

"அந்தா நிக்கி பாருங்கப்பா, நான் வந்த பிளேன்" என்று கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினாள் செண்பகம். வெள்ளி போல வெயிலில் மின்னிக்கொண்டு, எங்கள் ஆபீஸைவிடப் பெரிதாக நின்றது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அண்ணாச்சி திரும்பவே இல்லை. குழந்தையின் வெறுங்காலைக் கையால் தேய்த்துக்கொண்டே, "பூட்சு எங்கலே? பூட்சு எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பயணத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பெட்டிக்குள் நடக்கிறவர் கையில் இப்போது ஒரு குழந்தையும் இருந்தது என்பதைத் தவிர மாற்றமில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் செண்பகம் உள்ளே ஓடினாள். அண்ணாச்சி முற்றத்திலேயே நின்றுவிட்டார். உள்ளே போகப் பயம். நான் எட்டிப் பார்த்தேன்.

மதினி கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள், கண்ணாடியைத் தொட்டாள். பிதற்றலில் எத்தனையோ தடவை வந்து போனவள்தானே. இவள் நிஜமா என்று சோதிக்கிற மாதிரி இருந்தது. பிறகு கேட்டாள்:

"எம்புட்டு நேரமாச்சிட்டி, வாரதுக்கு?"

"எட்டு மணி நேரம்மா."

மதினி தலையை மெல்லத் திருப்பி, கதவுக்கு வெளியே நின்ற புருஷனைத் தேடிப் பிடித்தாள்.

"பொழச்சுப் போங்க" என்றாள்.

அண்ணாச்சி அப்போதுதான் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். அன்று மகள் கையால் மதினி நாலு வாய் கஞ்சி குடித்தாள். அடுத்த வாரம் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த வாரம், பேரனுக்குத் தொப்பி போட்டுவிட்டது யார் என்று தங்கச்சியோடு சண்டை பிடித்தாள். டாக்டர், இனிப் பயமில்லை என்றார்.

செண்பகம் மழைக்காலம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனாள். பூமி உருண்டையை ஹைஸ்கூலில் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வங்காள விரிகுடாவைக் காணோமே என்றார்.

அண்ணாச்சி ரிடையர் ஆன பிறகு, தம்பதிகள் மகளோடு இருக்கச் சிங்கப்பூர் கிளம்பினார்கள். விமானத்திலா என்று எல்லோரும் கேட்டோம். கப்பலில். மதினி கோமதியம்மன்மேல் சத்தியம் பண்ணிவிட்டாள், காற்றில் காலை வைக்கமாட்டேன் என்று. மூன்று நாள் வாதாடிப் பார்த்த அண்ணாச்சி நாலாவது நாள் விட்டுவிட்டார்.

"அவ இல்லாம எட்டு மணி நேரத்துல போயி நான் அங்கன என்ன வே செய்யப் போறேன்?" என்றார்.

அவர்களை வழியனுப்ப ஆபீசே ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. வண்டி நகரும்போது அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னை நோக்கி ஏதோ கத்தினார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. நானும் பதிலுக்கு ஏதோ கத்தினேன், அவருக்கும் விழுந்திருக்காது. மற்றவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்கள். நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்தார். "வண்டிதான் போயிட்டே. இன்னும் யாருக்கு வே காத்துக்கிட்டு நிக்கீரு?"

"யாருக்கும் இல்ல அண்ணாச்சி" என்றேன். அடுத்த வண்டி வந்து போகும்வரை அங்கேயே நின்றேன்.